நந்தவனத்துக் களையும் மண்ணும்

சிவாலயங்களில் நால்வர் சந்நிதியின் முன் நின்று அந்த நான்கு திருவுருவங்களையும் நிதானமாக நோக்குவோர்க்கு ஒரு விசேஷம் புலப்படும். ஞானசம்பந்தர் கையில் பொற்கிண்ணமோ தாளமோ இருக்கிறது. மாணிக்கவாசகர் சுவடி ஏந்தியிருக்கிறார். சுந்தரர் மணக்கோலத்தில் நிற்கிறார். திருநாவுக்கரசர் ஒருவர் மட்டுமே, நீண்ட காம்பின் முனையில் தட்டையான இரும்பு அலகு பொருத்திய கருவி ஒன்றைத் தோளோடு சார்த்திக்கொண்டு கைகூப்பியிருக்கிறார். வாளும் வேலும் தண்டும் சிற்பத்தில் ஏறியது வியப்பன்று; நாள்தோறும் புல் செதுக்குகிற கூலியாளின் கருவி ஒன்று, செப்புத் திருமேனியின் பிரிக்க முடியாத அங்கமாகி, அபிஷேகமும் ஆராதனையும் பெற்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழர் கண்முன் நிற்பது வியப்பே. உழவாரம் என்று அதற்குப் பெயர்.

திருவாமூரில் மருணீக்கியாராகப் பிறந்து, சமண சமயம் புகுந்து தருமசேனர் என்ற பெயரோடு வாழ்ந்து, சூலை நோயினால் வருந்தித் தம் தமக்கையார் திலகவதியாரிடம் மீண்டவர் அப்பர் என்னும் இந்தத் திருநாவுக்கரசர் என்பதைச் சேக்கிழார் விரிவாகக் கூறியிருக்கிறார். அந்தத் தமக்கையார் திருவதிகை வீரட்டானத்தில் அதற்கு முன்பே செய்துவந்த பணிகளையும் அவர் சொல்லாமல் விடவில்லை: விடியுமுன் எழுந்து திருவலகிடுதல், சாணம் கொண்டு மெழுகுதல், மலர் கொய்து மாலை தொடுத்தல். தம்பியின் கை உழவாரத்துக்குப் பெருமை சொல்லுகிற நாம் தமக்கையின் கை விளக்குமாற்றை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மண்ணைச் சுத்தமாக வைத்திருப்பதே ஒரு வழிபாடு என்ற எண்ணம் அப்பருக்கு நூல்களிலிருந்து வந்ததென்று கொள்வதைவிட, அந்த வீட்டிலிருந்து, அந்த அம்மையாரின் வைகறை வேலையிலிருந்து வந்ததென்று கொள்வதே பொருத்தமென்பது என் அபிப்பிராயம்.

திருப்புகலூரில் அவர் உழவாரப்பணி செய்துகொண்டிருந்தபோது, அவருடைய பற்றின்மையைச் சோதிப்பதற்காக, செதுக்கின இடமெல்லாம் பொன்னும் மணியும் கற்களோடு கற்களாய் மின்னும்படி இறைவன் செய்ததாகவும், அவற்றையும் புல்லோடும் பருக்கையோடும் சேர்த்து உழவாரத்தில் வாரி அவர் குளத்தில் எறிந்ததாகவும் ஒரு வரலாறு உண்டு. பக்தர்கள் இதில் துறவைக் காண்பார்கள். தோட்ட வேலை அறிந்தவர்கள் இன்னொன்றையும் காண்பார்கள்: செதுக்கின புல்லை அதே இடத்தில் விட்டுவைக்காமல், மறுபடி வேர் பிடிக்காத இடமாகப் பார்த்து உடனே அப்புறப்படுத்துகிற பழக்கம். அங்கேயே விட்டுவைத்த அருகு ஒரு மழைக்குப் பிழைத்துக்கொள்ளும்.

உழவாரம் செய்யும் வேலை செதுக்குதல்; அகழ்தல் அன்று. கல் பாவாத பிரகாரத்தில், அடியார்கள் வெறுங்காலோடு வலம்வரும் வழியில், நெருஞ்சி முள்ளும் நாயுருவியும் இல்லாமல் செய்யவும், மதிலின் இடுக்கில் பறவை எச்சத்தால் முளைத்த அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் இளமையிலேயே கிள்ளி எறியவும் அது போதும். ஆனால் அதே கோயிலின் நந்தவனத்தில், மல்லிகைப் பாத்திக்கும் துளசிப் பாத்திக்கும் நடுவே புகுந்துவிட்ட கோரையை ஒழிக்க அது போதாது. அங்கே வேண்டியது மண்வெட்டியும் களைக்கொத்தும் கடப்பாரையும். ஆகவே திருநந்தவனத்தின் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர், சிவாலயத்துப் பிரகாரத்தை விட்டு வைஷ்ணவ மரபின் பக்கம் சிறிது தூரம் செல்லவேண்டியவர்களாகிறார்கள். அங்கேதான் தோட்ட வேலை தன் முழுக் கஷ்டத்தோடும் பேசப்பட்டிருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வைத்து வடபத்திரசாயிக்கு மாலை கட்டினார். ஆடிப்பூரத்தன்று துளசிப் பாத்தியின் மண்ணில் அவருக்கு ஆண்டாள் கிடைத்ததாக வரலாறு. உழுத சாலில் சீதை கிடைத்தாள் என்றும் கொத்தின பாத்தியில் கோதை கிடைத்தாள் என்றும் நம் முன்னோர் சொல்லிவைத்ததில், பண்படுத்தப்பட்ட மண்ணின்மேல் அவர்களுக்கிருந்த மரியாதை தெரிகிறது. ஸ்ரீரங்கத்தில் விப்ரநாராயணர் என்ற தொண்டரடிப்பொடியாழ்வார் பூக்குடலையைத் தோளில் தாங்கியபடியே இன்றும் காட்சியளிக்கிறார். இவ்விரண்டு ஊர்களும் ஆற்றுப்பாய்ச்சலோ ஏரிப்பாய்ச்சலோ உள்ள ஊர்கள். மண்ணும் தண்ணீரும் பெரிதாக எதிர்த்து நிற்கவில்லை. திருமலையில் அப்படியன்று.

திருவேங்கடத்து இறைவனுக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்ய யார் போகிறீர்கள் என்று இராமாநுஜர் தம் சீடர்களைக் கேட்டபோது, குளிரும் காடும் மலையேற்றமுமான அந்த வாசத்துக்கு அஞ்சி மற்றவர்கள் மௌனமாயிருக்க, அனந்தாழ்வான் ஒருவர் எழுந்தார் என்றும், நீரே ஆண்பிள்ளை என்று ஆசாரியர் கொண்டாடினார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். மலைக்குச் சென்றவர் முதலில் செய்த காரியம் பூச்செடி நட்டதன்று. தண்ணீருக்காக ஓர் ஏரி வெட்டத் தொடங்கியதே. அவர் கடப்பாரையால் குத்த, கருவுற்றிருந்த அவருடைய மனைவியார் கூடையில் மண் சுமந்து கொட்டினார். இரக்கம் கொண்டு ஒரு சிறுவன் வந்து அந்த அம்மையாரின் கூடையை வாங்கிச் சுமந்தான். தம் கைங்கர்யத்தில் அயலார் பங்கு கொள்வதா என்று சினந்த அனந்தாழ்வான் கடப்பாரையை வீச, அது சிறுவனின் மோவாயில் பட்டது. சந்நிதியில் பெருமாளின் மோவாயில் இரத்தம் கசிந்தது. பச்சைக் கற்பூரம் வைத்துக் கட்டினார்கள். அந்தக் கடப்பாரை என்று ஒன்று இன்றைக்கும் திருமலைக் கோயிலின் மகாதுவாரத்தில், உள்ளே நுழைவோரின் வலப்புறச் சுவரில் தொங்குகிறது. இலட்சக்கணக்கான ஜனங்கள் அதைக் கடந்து போகிறார்கள். அண்ணாந்து பார்ப்பவர் சிலரே.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஆண்டவன் கருணையிலும் அடியார் வைராக்கியத்திலும் ஈடுபட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது அந்தக் கூடை. பாறையும் சரளையுமான மலைமேல் தோட்டம் வைப்பதென்றால், ஓரிடத்து மண்ணை வெட்டி இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டியே ஆகவேண்டும். நல்ல மண் இல்லாத இடத்தில் மண்ணையே உண்டாக்கவேண்டும். அந்த வேலையில் குத்துகிறவர் ஒருவர், சுமக்கிறவர் வேறொருவர். குத்தினவர் பெயர் தோட்டத்துக்கு நிலைத்தது, சுமந்தவர் அவருடைய மனைவி என்ற அளவில் நின்றார். இந்த ஏற்பாடு அந்தக் கதையோடு முடிந்துவிடவில்லை.

புராண வரலாற்றை விட்டுக் கல்வெட்டுக்கு வந்தால், தொனியே மாறிவிடுகிறது. அங்கே கடப்பாரை இல்லை, கண்ணீர் இல்லை. நிலமும் நெல்லும் கணக்கும் உண்டு. சோழர் காலத்துச் சாசனங்களில் திருநந்தவனப்புறம் என்று ஒரு வகை நிலம் பலமுறை வருகிறது. விளக்கெரிக்க விட்ட நிலம் திருவிளக்குப்புறம் ஆனதுபோல, பூந்தோட்டத்தைப் பராமரிக்க விட்ட நிலம் இது. தோட்டம் ஒன்று, அந்தத் தோட்டத்தைச் செய்கிறவர்களின் ஜீவனத்துக்கான விளைநிலம் வேறொன்று என்று இரண்டையும் சேர்த்தே தானம் செய்தார்கள். தோட்டம் செய்யும் ஆட்களுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு நெல், ஆண்டுக்கொரு முறை புடவைக்கு இவ்வளவு என்று கல்லில் வெட்டினார்கள். புடவை என்றால் அக்காலத்தில் ஆண் பெண் இருபாலாருக்கும் உரிய ஆடையே. பெரிய தலங்களில் இப்படி ஒரு தோட்டமன்று, பல தோட்டங்கள். அரசன் பெயரால் ஒன்று, அதிகாரி பெயரால் ஒன்று, வணிகர் பெயரால் ஒன்று என்று ஊரைச் சுற்றிலும் அவை துண்டு துண்டாகக் கிடந்தன. துண்டு ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் தனி முதலும் தனி ஆட்களும் இருந்தாலும், எல்லாவற்றின் பூவும் ஒரே சந்நிதிக்குப் போயிற்று.

ஊர்ச் சபையும் இதில் விலகி நிற்கவில்லை. முதலாம் பராந்தகனுடைய 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது 919-லும் 921-லும், உத்தரமேரூரில் வெட்டப்பட்ட இரண்டு சாசனங்கள், குடவோலை முறையின் பொருட்டு உலகறிந்தவை. தேர்தலைப் பற்றிப் பேசுகிற நாம், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன வேலைக்குச் சென்றார்கள் என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை எடுத்த முப்பது பேரில், முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து பழகினவர்களும் வித்தையிலும் வயதிலும் முதிர்ந்தவர்களுமான 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், அடுத்த 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், மீதி 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போவார்கள். 360 நாட்கள் அந்தப் பொறுப்பு. ஏரிக்கு ஆறு பேர், தோட்டத்துக்குப் பன்னிரண்டு பேர்! அதுமட்டுமன்று, தோட்டத்தையும் ஏரியையும் பார்த்துப் பழகாதவன் ஊரின் ஆண்டுக் காரியத்தை நடத்தும் வாரியத்தில் அமரும் தகுதியை எளிதில் பெறுவதில்லை. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்களும், அவர்களுடைய நெருங்கிய உறவினரும், குடவோலையில் பெயர் எழுதப்படவே தகுதியற்றவர்கள் என்றும் அதே சாசனம் விதிக்கிறது. அந்தப் பன்னிருவரும் தம் கையால் களை பிடுங்கினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. சொந்த நிலமும் சொந்த மனையும் வேத ஞானமும் உடையவர்களாக, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்கவேண்டிய அந்தச் சபையார் மேற்பார்வை செய்தார்கள், குனிந்தவர்கள் வேறு. ஆனால் தோட்டம் பாழானால் பதில் சொல்லவேண்டியவர் இன்னார் என்று பெயர் குறித்து வைத்த ஊர் அது.

இனி மண்ணுக்கு வருவோம். கோயிலை ஒட்டிய நிலம் நல்ல நிலமாயிருக்கும் என்று நினைப்பது பெரும்பாலும் தவறு. கோபுரமும் மதிலும் எழுப்பின காலத்துச் செங்கல் உடைசலும், சுண்ணாம்புக் காரையும், கல்தச்சர் சிதறிய சில்லும் அந்த மண்ணின் அடியில் புதைந்து கிடக்கும். மேலே நூற்றாண்டுக் கணக்காக மனிதக் கால்கள் மிதித்து இறுகின கட்டாந்தரை. சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் மல்லிகை இலை வெளுத்துப்போகும். கடற்கரைத் தலங்களில் இதோடு உவரும் சேரும். இத்தகைய இடத்தில் எதையும் திருத்திக்கொண்டிராமல் அரளியையும் நந்தியாவட்டையையும் நட்டுவிட்டு ஆறுதல் அடைவது எளிய வழி. அவை எந்த மண்ணிலும் பிழைக்கும், பல பழைய நந்தவனங்களில் கடைசிவரை மிஞ்சி நிற்பவையும் அவையே. ஆனால் முல்லையும் இருவாட்சியும் செவ்வந்தியும் மருக்கொழுந்தும் வேண்டுமென்றால் மண் மாறவேண்டும்.

மண்ணை மாற்றும் முதல் வழி வண்டல். ஏரியும் குளமும் வற்றிய சித்திரை வைகாசியில், மழைநீர் அடித்துக்கொண்டு வந்து அடியில் படியவைத்த கறுத்த மண்ணை வெட்டி, வண்டியில் ஏற்றி, மேட்டு நிலத்தில் பரப்புவது தமிழ்நாட்டுக் குடியானவன் தொன்றுதொட்டுச் செய்துவருவது. ஏரி ஆழமாகிறது, நிலம் வளமாகிறது; ஒரே மண்வெட்டி இரண்டு தர்மத்தையும் செய்கிறது. உத்தரமேரூரின் வைரமேக தடாகத்தைத் தூர் வாருவதற்காகப் பல்லவர் காலத்திலேயே பொன் முதலாக வைக்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. வேறு சில ஊர்களில் தண்ணீர் நிற்கும்போதே தூரெடுக்க ஓடங்கள் வைத்து, அவற்றைச் செலுத்தும் ஆட்களுக்குக் கூலியும் நிர்ணயித்தார்கள். திருவாரூரில் பிறவிக் குருடரான தண்டியடிகள், தூர்ந்துபோய்க் கொண்டிருந்த கமலாலயத்தைத் தாமே தோண்டத் துணிந்து, குளத்தினுள்ளே ஒரு கம்பும் கரையிலே ஒரு கம்பும் நட்டு, இரண்டுக்கும் கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவியே இறங்கி மண் வெட்டி, தடவியே ஏறிக் கொட்டினார் என்பது பெரியபுராணம். அவர் கொட்டிய மண் எங்கே போயிற்று என்று சேக்கிழார் சொல்லவில்லை. அக்கரையில் ஒரு நந்தவனம் இருந்திருந்தால் அதன் தோட்டக்காரர் அதை வீணாக்கியிருக்கமாட்டார்.

இரண்டாவது வழி எரு. இதில்தான் கோயில் தோட்டத்துக்கு ஒரு வினோதமான இடையூறு. ஆவினங்கள் கோயிலில் குறைவில்லை. ஆனால் சாணத்துக்குப் போட்டி அதிகம். மெழுகுவதற்குச் சாணம், திருநீற்றுக்குச் சாணம், மடைப்பள்ளி அடுப்புக்கு வறட்டி. இவ்வளவும் போக மிஞ்சுவதே குப்பைக்குழிக்கு வரும். ஆடுகளோ கணக்கற்றவை. ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு, அதற்கீடாக நாள்தோறும் உழக்கு நெய் என்று தஞ்சைப் பெரிய கோயில் சாசனங்கள் திட்டம் செய்கின்றன. ஆடு செத்தாலும் கிழடானாலும் கணக்குக் குறையக்கூடாது என்பதற்காகவே அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். நெய்யைப் பற்றி இத்தனை நுட்பமாகப் பேசும் கல், அத்தனை ஆயிரம் ஆடுகளின் புழுக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இடையர் அந்த மந்தையை இராக்காலத்தில் யாருடைய புஞ்சையில் கிடை போட்டாரோ அவர் அதன் பயனை அடைந்தார். ஆட்டுக்கிடையின் சிறப்பே புழுக்கையோடு மூத்திரமும் அந்த இடத்திலேயே மண்ணில் இறங்குவதில் இருக்கிறது. கூடையில் அள்ளிக்கொண்டுவரும் எருவில் பாதிப் பலன் வழியிலேயே போய்விடும். பூஞ்செடி நிற்கும் தோட்டத்தில் கிடை போடுவதற்கில்லை. ஆகவே நந்தவனம் எப்போதும் இரண்டாந்தர எருவையே கண்டது.

அந்தக் குறையைத் தழை தீர்த்தது. தரிசில் தானே படர்ந்து, ஆடுமாடு அதிகம் தீண்டாமல் விட்டுவைக்கும் கொழிஞ்சி, வேலியோரத்து எருக்கு, ஆவாரை, குளக்கரைப் புங்கு, வேம்பு ஆகியவற்றின் தழையை வெட்டி, மழை இறங்கிய ஈரத்தில் பாத்திக்குள் அடுக்கி மண் மூடினால் சில வாரங்களில் மக்கிவிடும். உவர் நிலத்துக்குத் தக்கைப்பூண்டைப் போல் நல்ல மருந்தில்லை. விதைத்து, பூவெடுக்கும் சமயத்தில் அப்படியே மடக்கி மண்ணுக்குள் தள்ளிவிட வேண்டும். சருகும், வாழைமட்டையும், மடைப்பள்ளிச் சாம்பலும் இவற்றோடு சேரும். நேற்றைய மாலைகள் மட்டும் எல்லாத் தலங்களிலும் இந்தக் குழிக்கு வருவதில்லை. இறைவன் சூடிக் களைந்த நிர்மாலியம் காலில் மிதிபடக்கூடாது என்பதால், அதை நீர்நிலையில் விடுவதோ ஆளரவமில்லாத மரத்தடியில் சேர்ப்பதோ சம்பிரதாயம். திருமலையில் அதற்கென்றே ஒரு பூக்கிணறு இருந்தது. தோட்டத்து மண்ணின் சாரம் நாள்தோறும் பூவாகி வெளியேறித் திரும்பாமலே போனது என்பதை நினைத்தால், அந்த மண்ணுக்கு ஆண்டுதோறும் வண்டலும் தழையும் வேண்டியிருந்ததன் காரணம் விளங்கும்.

களையைப் பற்றித் திருவள்ளுவர் இரண்டு இடங்களில் நினைத்திருக்கிறார்: அரசன் கொடியோரை ஒறுப்பதைப் பயிருக்குக் களை கட்டலோடு ஒப்பிட்டார் ஓரிடத்தில்; இன்னோரிடத்தில், உழவு அதிகாரத்தில், ஏருக்கும் எருவுக்கும் நீருக்கும் காவலுக்கும் நடுவே அதை வைத்தார். உழுத புழுதியை ஒரு பலம் கால் பலமாகும்படி காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்ற அவர் கருத்தை எருவின் விஷயமாகவே உரைகள் விளக்கும். கோரையோடு போராடினவன் அதைக் களையின் விஷயமாகவும் கொள்வான். கோரையை மேலே அறுத்தால் கிழங்கிலிருந்து மறுபடி வரும். பிடுங்கினால் தண்டு கையோடு வர, கிழங்கு மண்ணில் தங்கிவிடும். சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோத்த கிழங்குகளில் ஒன்றை எடுத்தால், அதுவரை உறங்கிக்கிடந்த மற்றொன்று விழித்துக்கொள்ளும். தோட்டக்காரர் கண்ட ஒரே வழி, அக்கினி நட்சத்திர வெயிலில் தண்ணீர் காட்டாமல், ஒரு முழ ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, கிழங்கை வெயிலுக்கு வெளியே போட்டு, சுருங்கும்வரை காயவைத்துப் பொறுக்கிவிடுவது. அருகுக்கும் அதுவே வைத்தியம். ஒரு கோடையில் முடியாது. அடுத்தடுத்த கோடைகளிலும் விடாமல் செய்தால் அடங்கும்.

ஆனால் கோயில் தோட்டத்துக் களைக்கு ஒரு சலுகை உண்டு. வேறு எந்தத் தோட்டத்திலும் அதற்கு அந்தப் பாக்கியம் இல்லை. அருகு பிள்ளையாருக்கு உரியது. தும்பையும் எருக்கும் ஊமத்தையும் சிவபெருமானுக்கு உகந்தவை. நாயுருவி ஹோமத்தில் சமித்தாகிறது. கோரைக்கிழங்குகூட முத்தக்காசு என்ற பெயரோடு வைத்தியரின் பெட்டியில் ஏறிவிடுகிறது. எனவே நந்தவனத்தில் களையெடுக்கிறவர், வயலில் களையெடுக்கும் பெண்களைப் போல் கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போவதற்கில்லை. தும்பைக்கு மதிலோரத்தில் ஒரு பட்டையை விட்டுக்கொடுத்து, மல்லிகைப் பாத்திக்குள் அது கால் வைக்காமல் பார்த்துக்கொள்வதும், அருகை ஒரு மூலையில் கட்டிவைப்பதும் அவருடைய சாமர்த்தியம். அருகைக் கட்டிவைப்பது எவ்வளவு கடினம் என்பது வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சலுகைக்குள் வராத களைகள் பிற்காலத்தில் கப்பலேறி வந்தவை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கும்பெனியின் சென்னை வைத்திய அதிகாரி ஜேம்ஸ் ஆண்டர்சன், கொச்சினீல் என்னும் சிவப்புச் சாயப் பூச்சியை வளர்த்து ஸ்பானியரின் வியாபாரத்தை முறியடிக்கலாம் என்ற ஆசையில், அந்தப் பூச்சிக்கு உணவாகச் சப்பாத்திக்கள்ளியைச் சைதாப்பேட்டையில் தோட்டமாகவே வளர்த்தார். சாயம் கிடைக்கவில்லை. 1795-ல் பிரேசிலிலிருந்து வந்துசேர்ந்த பூச்சி மட்டமான இனம். அது சாயத்துக்கு உதவாமல், ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்ததோடு சரி. வேலிக்கென்று வைக்கப்பட்ட வேறொரு வகைக் கள்ளியை அது தொடவில்லை. அந்தக் கள்ளி வேலியைத் தாண்டித் தரிசுகளையும் மந்தைவெளிகளையும் பாழ்மண்டபங்களையும் பிடித்துக்கொண்டு, பாம்புக்கும் எலிக்கும் கோட்டையாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டது. வெட்டிப் போட்ட ஒவ்வொரு மட்டையும் ஒரு செடியாகும் என்பதால் மண்வெட்டி அதனிடம் தோற்றது. 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இன்னோர் இனப் பூச்சி சில ஆண்டுகளில் அதை அழித்தது. விறகுக்காக 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரவழைத்த சீமைக்கருவேலம் பாண்டிநாட்டு ஏரிகளுக்குள்ளேயே குடிபுகுந்து, வண்டல் எடுக்கிற வேலைக்கு முள்ளாயிற்று. 1950-களில் புனேயில் தென்பட்ட பார்த்தீனியம் பிறகு தெற்கே இறங்கி, ஆளில்லாத கோயில் தோட்டங்களில் மல்லிகைக்கு விட்ட பாத்திகளில் மல்லிகையைவிடச் செழிப்பாக வளர்கிறது. பிடுங்குகிறவர் தோலில் அரிப்பும் மூச்சில் இரைப்பும் உண்டாக்குவது அதன் விசேஷம்.

ஆளில்லாத தோட்டம் என்றேன். ஆள் போனது எப்படி என்பதற்கு அரசாங்கக் காகிதங்களைப் பார்க்கவேண்டும். 1817-ஆம் ஆண்டு ரெகுலேஷனால் சென்னை ராஜதானிக் கோயில்கள் ரெவினியூ போர்டின் மேற்பார்வையில் வந்தன. கிறிஸ்தவ அரசாங்கம் விக்கிரக ஆராதனைக்குக் கணக்கெழுதுவதா என்று சீமையில் எழுந்த கூச்சலால் பிறகு அது கையை உதறிக்கொண்டது. 1863-ஆம் ஆண்டுச் சட்டம் கோயில்களை உள்ளூர்க் கமிட்டிகளிடமும் தர்மகர்த்தாக்களிடமும் ஒப்படைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் இனாம் கமிஷன் ஊர் ஊராகச் சென்று, விளக்குக்கும் மேளத்துக்கும் பூந்தோட்டத்துக்கும் விடப்பட்ட மானிய நிலங்களைப் பரிசீலித்துப் பட்டயம் கொடுத்தது. ஊழியம் நடக்கிறவரை மானியம் என்பது கொள்கை. ஊழியம் நடக்கிறதா என்று பார்ப்பவர் யார்? தோட்டத்துக்கு ஜீவனமாயிருந்த நஞ்சை கைமாறி, குத்தகைக்குப் போய், அடமானத்தில் விழுந்து, தோட்டத்தோடு அதற்கிருந்த சம்பந்தம் காகிதத்தில் மட்டும் நின்றது. 1963-ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் வருவதற்கு முன்பே அந்தச் சம்பந்தம் பெரும்பாலும் அற்றுப்போயிருந்தது. சட்டம் அதன் மேல் முத்திரை வைத்தது. பழி முழுவதையும் ஆங்கிலேயன் தலையிலோ காங்கிரஸ் சர்க்கார் தலையிலோ கட்டுவது நியாயமன்று. மதுரையிலும் திண்டுக்கல்லிலும் சத்தியமங்கலத்திலும் விளைந்த பூ இரவோடிரவாக பஸ்ஸேறி விடியற்காலையில் கோயில் வாசலுக்கு வந்துவிடுகிற காலத்தில், இரண்டு கூடை மல்லிகைக்காக யார் வண்டல் அடிப்பது என்று தர்மகர்த்தாவும் நினைத்தார், ஊராரும் நினைத்தார்கள்.

இப்போது உழவாரப்பணி என்ற பெயர் மறுபடி கேட்கிறது. பட்டணங்களிலிருந்து, பல்வேறு உத்தியோகங்களில் இருக்கிறவர்கள், விடுமுறை நாளில் குழுவாகச் சேர்ந்து, சிதிலமான கிராமக் கோயில்களுக்குச் சென்று முள் வெட்டி, புல் செதுக்கி, பிரகாரத்தைத் துலக்கிவிட்டு மாலையில் திரும்புகிறார்கள். ஜாதி வித்தியாசமின்றி ஆணும் பெண்ணும் குனிந்து செய்கிற இந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். முற்காலத்தில் அப்பர் செய்ததற்கும் நந்தவனக் குடிகள் செய்ததற்கும் நடுவே இருந்த இடைவெளி, அதாவது பக்தியால் செய்தது பெருமை பெற்றதும் கூலிக்குச் செய்தது பெயரற்றுப்போனதுமான அந்த அநீதி, இவர்கள் கையில் ஓரளவு குறைகிறது. ஆயினும் இவர்களுடைய பஞ்சாங்கமும் களையின் பஞ்சாங்கமும் ஒன்றாக இல்லை. சிவராத்திரிக்கு முன்பும் கும்பாபிஷேகத்துக்கு முன்பும் மார்கழி பிறக்குமுன்பும் கோயில் துலங்கவேண்டும் என்று குழு வருகிறது. ஐப்பசி மழையில் தழைத்த கோரையை அப்போது செதுக்குவது அதற்குத் தலைமுடி வெட்டிவிடுவதைப் போன்றது. கிழங்கைப் புரட்டவேண்டிய சித்திரைக் கடுவெயிலில், வெளியூரிலிருந்து வந்து ஒரு முழ ஆழம் கொத்துவோர் அரிது. வெட்டின இடத்தில் மறுவாரமே ஒரு வண்டி வண்டலோ தழையோ விழுந்து, ஏதாவது ஒரு செடி ஊன்றப்பட்டு, அதற்குத் தண்ணீர் ஊற்ற உள்ளூரில் ஓர் ஆள் மாதச் சம்பளத்தில் அமர்ந்த கோயில்களில் தோட்டம் நிற்கிறது. அப்படி அமராத கோயில்களில், அடுத்த ஆண்டு குழு மறுபடி வந்து அதே பார்த்தீனியத்தை மறுபடி வெட்டுகிறது. சில இடங்களில் நிர்வாகத்தார் சலித்துப்போய், நந்தவனமிருந்த இடத்தில் சிமெண்டுக் கல் பதித்து வாகனம் நிறுத்த விட்டுவிட்டார்கள்.